நிலைபொருள் சிதைந்தால்: மலைமேல் இருக்கும் கணினி மீளும் வழி

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. போளூர்ப் பக்கமிருந்து ஏறினாலும் திருப்பத்தூர், ஆலங்காயம் பக்கங்களிலிருந்து ஏறினாலும், ஜமுனாமரத்தூரையோ புதூர்நாட்டையோ அடைய மலைப்பாதையைக் கடந்தே ஆக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், வங்கிக் கிளை, பள்ளி, இ-சேவை மையம் என்று மலையாளிப் பழங்குடி மக்கள் நாடிச் செல்லும் இடங்களில் இன்று பெரும்பாலான வேலை கணினி வழியாகவே நடக்கிறது. சாதிச் சான்றிதழுக்கான விண்ணப்பமும் உதவித்தொகைக்கான விண்ணப்பமும் திரையில்தான் நிரப்பப்படுகின்றன. அப்படிப்பட்ட கணினி ஒன்று நின்றுபோனால் அதை மலையிலிருந்து இறக்கி, நகரத்துச் சர்வீஸ் மையத்தில் ஒப்படைத்து, திரும்பப் பெற்று வரும்வரை மக்களின் வேலையும் சேர்ந்து நிற்கிறது. கணினிக்கு வரும் பழுதுகளில் நிலைபொருள் புதுப்பிப்பு பாதியில் முறிவது தனி வகையைச் சேர்ந்தது. மற்றப் பழுதுகளில் கணினி எப்படியோ எழுந்து, தனக்கு என்ன குறை என்பதைத் திரையில் காட்டிவிடுகிறது. இதில் அது எழுவதே இல்லை.

நிலைபொருள் என்பது கணினியின் மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பில் மின்சாரம் போனாலும் அழியாமல் பதிந்திருக்கும் கட்டளைத் தொகுப்பு ஆகும். மின்சாரம் வந்தவுடன் செயலி முதலில் படிப்பது இதைத்தான். நினைவகம் எவ்வளவு இருக்கிறது, விசைப்பலகை எங்கே, வட்டு எங்கே என்று சோதித்தறிந்து, விண்டோஸ் அல்லது லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை எழுப்பிவிடுவது இதன் வேலை. பழுதுபார்ப்போர் இதனைப் பயாஸ் என்றே சொல்வார்கள். புதிய கணினிகளில் அதன் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்னும் அமைப்பு எடுத்துக்கொண்டுவிட்டாலும் பழைய பெயரே வழக்கில் நிற்கிறது. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தனிநபர் கணினியில் இந்தத் தொகுப்பு வெறும் 8 கிலோபைட் அளவில், அழிக்கவோ மாற்றவோ முடியாத சிப்பில் இருந்தது. ஆகவே அதில் பிழை இருந்தால் சிப்பையே மாற்ற வேண்டியிருந்ததே தவிர, புதுப்பிப்பின்போது அது கெடும் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிவித்த ஃபிளாஷ் நினைவகம், மின்சாரம் இல்லாதபோதும் தகவலைக் காத்து, வேண்டும்போது மின்முறையில் அழித்து எழுதவும் இடம்கொடுத்தது. நிலைபொருள் அந்த நினைவகத்துக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அதைத் திருத்துவது எளிதாயிற்று, சிதைவதும் எளிதாயிற்று.

அந்தச் சிதைவு எவ்வளவு பெரிதாகப் பரவக்கூடும் என்பதை உலகம் 1999 ஏப்ரல் 26 அன்று கண்டது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.ஹெச். என்னும் வைரஸ், செர்னோபில் விபத்தின் ஆண்டு நாளான அன்று விழித்தெழுந்து, வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில வகை மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பையும் குப்பையால் நிரப்பிவிட்டது. தென் கொரியா, துருக்கி, இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் பாதிப்பு மிகுந்திருந்தது. அந்தக் கணினிகளுக்கு வைரஸ் நீக்கும் மென்பொருள் எந்த உதவியும் செய்ய முடியவில்லை, ஏனெனில் அந்த மென்பொருளை ஓட்டுவதற்குக் கணினி முதலில் எழ வேண்டும்.

இவ்வளவு அபாயம் இருக்கும்போது நிலைபொருளைத் தொடாமலே விட்டுவிடலாமே என்ற எண்ணம் பலருக்கும் தோன்றுவது இயல்பே. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த எண்ணத்தில் நியாயமும் இருந்தது. இன்று அலுவலகக் கணினிகளைப் பொறுத்தவரை அது பொருந்தாது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைகள் வெளியானபோது அவற்றுக்கான திருத்தத்தின் ஒரு பகுதி நிலைபொருள் வழியாகவே வர வேண்டியிருந்தது. கணினி எழும்போது நம்பத்தகுந்த மென்பொருளைத்தான் எழுப்புகிறதா என்று சரிபார்க்கும் செக்யூர் பூட் ஏற்பாட்டுக்காக 2011இல் வழங்கப்பட்ட மின்சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும், பழைய கணினிகள் சிலவற்றுக்கு நிலைபொருள் புதுப்பிப்பைத் தவிர்க்க முடியாததாக ஆக்கியிருக்கிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி புதுப்பிப்பதா வேண்டாமா என்பதன்று. முறிந்தால் எழுவதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதுதான்.

புதுப்பிப்பின்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அபாயம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். தயாரிப்பாளர் கையொப்பமிட்ட புதிய தொகுப்பு, விண்டோஸ் அப்டேட் வழியாகவோ தயாரிப்பாளரின் சொந்தச் செயலி வழியாகவோ, லினக்ஸ் என்றால் 2015 முதல் இயங்கிவரும் எஃப்.டபிள்யு.அப்டி என்னும் கருவி வழியாகவோ வட்டுக்கு வந்து சேர்கிறது. கணினி மறுதொடக்கம் ஆனதும் பழைய நிலைபொருளே அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்து, தன் இடத்தில் புதியதை எழுதத் தொடங்குகிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே இருப்பதன் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒவ்வொரு பகுதியையும் முதலில் முழுவதும் துடைத்து, அதில் உள்ள எல்லா இலக்கங்களையும் ஒன்று என்று ஆக்கி, பிறகு வேண்டிய இடங்களில் பூஜ்யங்களைப் பதிக்க வேண்டும். இன்றைய சிப்புகள் 16 அல்லது 32 மெகாபைட் கொள்ளளவு கொண்டவை என்பதால் இந்தத் துடைப்பும் பதிப்பும் சில நிமிடங்களுக்கு நீள்கின்றன. துடைத்தாகிவிட்டது, இன்னும் எழுதவில்லை என்ற இடைவெளியில் மின்சாரம் நின்றால் அந்தப் பகுதியில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

மலைப்பகுதியில் அந்த இடைவெளிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. காற்றும் மழையும் மரக்கிளையும் மின்கம்பியும் சந்திக்கும் இடங்களில் மின்தடை எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. மேசைக் கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் யு.பி.எஸ். பெட்டியில் பேட்டரி செத்து ஓராண்டு ஆகியிருந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் அலுவலகத்தில் எவரும் அதைக் கவனிப்பதில்லை. மடிக்கணினிகள் இந்த வகையில் மேலானவை. சார்ஜர் இணைக்கப்படாமலோ பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கியிருந்தாலோ பெரும்பாலான வணிக மாதிரிகள் புதுப்பிப்பைத் தொடங்கவே மறுத்துவிடும். ஆயினும் மின்தடை மட்டுமே காரணம் என்று கொள்வது தவறாகும். 2024 மே மாத இறுதியில் ஹெச்.பி. புரோபுக் 455 ஜி7 மாதிரிக்குத் தானியங்கிப் புதுப்பிப்பாக வந்த பயாஸ் தொகுப்பே சில கணினிகளை முடக்கிப்போட்டது. 2018 ஜனவரி 22 அன்று இன்டெல் நிறுவனம், தான் அளித்த திருத்தம் கணினிகளைத் திடீர் திடீரென்று மறுதொடக்கம் செய்ய வைப்பதாகக் கூறி, அதைப் பரப்புவதை நிறுத்தும்படி தானே கேட்டுக்கொண்டது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 இயங்குதளத்தில் இருந்த ஒரு இயக்கி, புதுப்பிப்பு எதுவும் நடக்காதபோதே, லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயாஸ் சிப்பைப் பூட்டி அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் ஆக்கியதால், அந்தப் பதிப்பின் தரவிறக்கமே திரும்பப் பெறப்பட்டது. புதிய நிலைபொருள் வெளியான அன்றே அதை எல்லாக் கணினிகளிலும் ஏற்றும் அவசரம் எந்த அலுவலகத்துக்கும் தேவையில்லை. ஒரு கணினியில் ஏற்றி, இரண்டு வாரம் ஓடவிட்டு, பிறகு மற்றவற்றைத் தொடுவதே அறிவுடைமை.

புதுப்பிப்புக்குப் பின் திரை கறுத்து நிற்கும் கணினி எல்லாமே செத்துப்போனவை அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். புதிய நிலைபொருள் நினைவகச் சில்லுகளை முதல் முறையாகப் பழகிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் நேரத்தில் திரை பல நிமிடங்கள் வெறுமையாக இருக்கலாம். விசிறியின் ஓசை கூடிக் குறையலாம். கணினி தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எழலாம். பொறுமை இழந்து ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் கைதான் பல நேரங்களில் உண்மையான சேதத்தை உண்டாக்குகிறது. அரை மணி நேரம் காத்திருந்தும் மாற்றம் இல்லையென்றால், சார்ஜரைக் கழற்றி, ஆற்றல் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னூட்டத்தை வடியவிட்டு, மீண்டும் சார்ஜரை இணைத்துப் பார்ப்பது முதல் படி.

அப்போதும் எழாத கணினி விளக்குகளின் வழியே பேசுகிறது. டெல் நிறுவனத்தின் வணிக மடிக்கணினிகளில் ஆற்றல் விளக்கு மஞ்சள் நிறத்தில் 2 முறையும் வெள்ளையில் 2 முறையும் சிமிட்டினால் பயாஸ் பழுது என்றும், 2 மஞ்சளும் 3 வெள்ளையும் என்றால் நினைவகமே கண்டறியப்படவில்லை என்றும் பொருள். 3 மஞ்சள், 3 வெள்ளை என்றால் மீட்புக்கான தொகுப்பு கிடைக்கவில்லை. 3 மஞ்சள், 4 வெள்ளை என்றால் தொகுப்பு கிடைத்தது, ஆனால் செல்லாது. ஹெச்.பி. கணினிகளில் விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விளக்கு இந்தப் பணியைச் செய்கிறது. இந்தச் சிமிட்டல்களைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வைத்தால், மலைக்கு ஏறி வர வேண்டிய பொறியாளர் கீழிருந்தே பழுதை இனம்காண முடியும். நினைவகச் சில்லு தளர்ந்திருப்பதைப் பயாஸ் பழுது என்று நினைத்துக் கணினியையே இறக்கிச் செல்லும் வீண் அலைச்சலும் மிச்சமாகும்.

பயாஸ்தான் சிதைந்தது என்று உறுதியானால், வணிகக் கணினிகளில் மீட்புக்கென்றே ஒரு வாசல் வைக்கப்பட்டிருக்கிறது. நிலைபொருளின் தொடக்கத்தில் உள்ள ஒரு சிறு பகுதி, புதுப்பிப்பின்போது தொடப்படாமல் காக்கப்படுகிறது; மற்றவை சிதைந்தாலும் இது விழித்திருந்து, யு.எஸ்.பி. பென்டிரைவிலோ வட்டின் மறைவான பகுதியிலோ நல்ல தொகுப்பு இருக்கிறதா என்று தேடும். டெல் மடிக்கணினியில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோல், எஸ்கேப் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தியபடியே சார்ஜரை மீண்டும் இணைத்தால் மீட்புத் திரை எழுகிறது. ஹெச்.பி. மாதிரிகள் பலவற்றில் விண்டோஸ் குறியிட்ட விசையையும் பி விசையையும் அழுத்திப் பிடித்து, ஆற்றல் பொத்தானை இரண்டு மூன்று வினாடி அழுத்தி விட வேண்டும். பொத்தானை விட்ட பிறகும் மற்ற இரு விசைகளையும் விடக்கூடாது. பென்டிரைவில் வைக்கும் கோப்பு அதே மாதிரிக்கு உரியதாகவும், தயாரிப்பாளர் வகுத்த பெயரிலும் கோப்புறையிலும் இருந்தாக வேண்டும். பென்டிரைவ் பழைய ஃபாட்32 முறையில் ஒழுங்குசெய்யப்பட்டிருப்பதே பெரும்பாலும் வேலைக்கு ஆகிறது. இவை எதுவும் பெரிய வித்தையல்ல. ஆனால் அந்தக் கோப்பைத் தரவிறக்க வேறொரு கணினியும் இணைய இணைப்பும் வேண்டும்; ஒரே ஒரு கணினி மட்டும் உள்ள மலைக்கிராம மையத்தில் பழுது வந்த பிறகு அதைத் தேடுவது, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்பதற்கு ஒப்பாகும்.

இதைவிட மேம்பட்ட ஏற்பாடு, மனிதக் கையே படாமல் கணினி தன்னைத் தானே மீட்டுக்கொள்வது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2011இல் பயாஸ் பாதுகாப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2018 மே மாதம் வெளியிட்ட 800-193 என்னும் ஆவணத்தில் காத்தல், கண்டறிதல், மீட்டல் என்ற மூன்றையும் நிலைபொருளின் கடமைகளாக வகுத்தது. ஹெச்.பி.யின் ஷூர் ஸ்டார்ட், லெனோவோ திங்க்பேடின் தன்மீட்புப் பயாஸ் ஆகியவை இந்தத் திசையில் வந்தவை. நல்ல நிலையில் உள்ள ஒரு பிரதியைத் தனியே பத்திரப்படுத்தி வைத்து, எழும்போது முதன்மைப் பிரதி சிதைந்திருப்பதைக் கண்டால் அதிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கின்றன. வீட்டு உபயோகத்துக்கென மலிவு விலையில் விற்கும் கணினிகள் பலவற்றில் இந்த வசதி இல்லை. விலைப்பட்டியலில் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் ஒப்பிடும் வாங்குநர்கள் இந்த ஒரு வரியைக் கேட்காமல் விடுவது பெருங்குறை.

எல்லா வாசலும் அடைபட்டால் எஞ்சுவது சிப் லெவல் சர்வீஸ். சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களின் கடைகளிலும் இதைச் செய்யும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மதர்போர்டில் உள்ள எட்டுக் கால் சிப்பின் மேல் ஒரு கவ்வியைப் பொருத்தி, அதைச் சிறிய புரோகிராமர் கருவியுடன் இணைத்து, சிதைந்த தொகுப்பை முதலில் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுபோல் வருகின்றனவா என்று ஒப்பிட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகே புதியதை எழுதுவது தேர்ந்தவர்களின் முறை. சிப் 3.3 வோல்ட்டில் இயங்குவதா 1.8 வோல்ட்டில் இயங்குவதா என்று பார்க்காமல் மின்னழுத்தம் கொடுத்தால் சிப்பே கருகிவிடும். இன்னொரு கண்ணியும் இருக்கிறது: கணினியின் வரிசை எண், நெட்வொர்க் முகவரி, விண்டோஸ் உரிமச் சாவி போன்றவை பெரும்பாலும் அதே சிப்பில்தான் பதிந்திருக்கும், அதே மாதிரியான வேறொரு கணினியின் தொகுப்பை அப்படியே நகலெடுத்துப் பதித்தால் கணினி எழுந்துவிடும், ஆனால் அடுத்தவரின் அடையாளத்தோடு எழும். அலுவலகச் சொத்துப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கும் கணினி சொல்லும் எண்ணுக்கும் பொருத்தம் இல்லாமல் போவதன் தொல்லை பிறகுதான் தெரியவரும். சிதைந்த தொகுப்பை முதலில் படித்து வைக்கச் சொல்வது இதற்காகவே. அதில் அந்தக் கணினிக்கே உரிய பகுதிகளைப் பிரித்தெடுத்துப் புதியதோடு சேர்க்க முடியும்.

நிலைபொருள் மீண்ட பிறகும் ஒரு தடை காத்திருக்கலாம். பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் வட்டுப் பூட்டு, கணினி எழும் விதத்தை அளந்து வைத்திருந்து, அது மாறியதாகக் கண்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். நிலைபொருள் மாறினால் அந்த அளவும் மாறும். சாவி கைவசம் இல்லையென்றால் கணினி நலமாக இருக்க, உள்ளே இருக்கும் கோப்புகள் மட்டும் நிரந்தரமாக எட்டாமல் போகும். அலுவலகத்துக்கு இது மதர்போர்டு போவதைவிடப் பெரிய இழப்பு. புதுப்பிப்புக்கு முன் இந்தப் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதும், சாவியைத் தாளில் அச்சிட்டு அலமாரியில் வைப்பதும் சில நிமிட வேலைகளே.

முன்னேற்பாடு என்பதன் முழுப் பொருளை உணர்த்தும் நிறுவனம் ஒன்று இதே மலையில்தான் இருக்கிறது. காவலூரில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் வானாய்வகம், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றதைப் பதிவு செய்தது. அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய கண்காணிப்புகளில் காவலூரின் பங்கும் ஒன்று. அதே நிகழ்வு திரும்ப வராது. கருவி அன்றிரவு மக்கர் செய்தால் மறுநாள் சரிசெய்து பயனில்லை. அதே நிறுவனம் உருவாக்கிய ஒளிவட்ட வரைவிக் கருவி, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் ஏறி, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே எந்தப் பொறியாளரும் கவ்வியோடும் புரோகிராமரோடும் போக முடியாது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலத்தில் 2023 நவம்பரில் ஒரு நினைவகச் சிப் பழுதாகி, தகவல்கள் பொருளற்றுப் போனபோது, அந்தச் சிப்பில் இருந்த கட்டளைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து நினைவகத்தின் வேறு இடங்களில் பதித்து, 2024 ஏப்ரலில் நாசா பொறியாளர்கள் அதை மீட்டார்கள். ஒரு கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன்பே தொலைவிலிருந்து நினைவகத்தை மாற்றி எழுத வழிவைத்துக் கட்டியவர்களின் முன்யோசனைதான் அந்த மீட்பைச் சாத்தியமாக்கியது.

அலுவலகக் கணினிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. மாதிரிக்கு ஒன்றாக, மீட்புக் கோப்பு ஏற்றிச் சோதித்த பென்டிரைவ் ஒன்றை உறையில் இட்டு, மாதிரியின் பெயரையும் அழுத்த வேண்டிய விசைகளையும் உறையின் மேல் எழுதி வைப்பது, ஆண்டுக்கு ஒருமுறை யு.பி.எஸ்.ஸின் மின்செருகியைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்ப்பது, மழையும் இடியும் உள்ள நாளில் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவது, ஒரே இடத்தில் இரண்டு கணினிகள் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தொடாமல் இருப்பது ஆகியவை போதும்.

எனினும் அலுவலக ஊழியரின் விழிப்பை மட்டுமே நம்பி இதை விட்டுவிட முடியாது. எழாத கணினி எழுமா என்பது பெரும்பாலும் அது வாங்கப்பட்ட நாளிலேயே முடிவாகிவிடுகிறது. 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழக நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. அரசு அலுவலகங்களுக்கு வாங்கப்படுபவை இதில் சேராதவை. எல்காட் போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளிகளில், நிலைபொருளின் மாற்றுப் பிரதியைத் தனியே காத்து, சிதைந்தால் தானாக மீளும் வசதி கட்டாயம் என்ற ஒரு நிபந்தனையும், இருப்பிடத்துக்கே வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதம் மலைக்கிராம முகவரிகளுக்கும் செல்லும் என்ற இன்னொரு நிபந்தனையும் சேர்க்கப்பட வேண்டும். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, ஏற்காடு என்று மலைமேல் அலுவலகம் நடத்தும் ஒவ்வொரு துறையும் அடுத்த கொள்முதலுக்கு முன் இந்த இரண்டு வரிகளையும் கேட்டுப் பெற வேண்டும்.